சிறு குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி பள்ளிபாளையத்துக்கும் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவைப் பற்றியும், மேல்சிகிச்சைக்காக அக்குழு எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு அதன்பின் என்னவாகிறது என்பதைப் பற்றியும் பள்ளிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறந்தது முதல் 18 வயதுக்குள் கண்டறிவதற்காக 2013இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இக்குழுக்கள் இயங்குகின்றன. எங்கள் பகுதிக்கு அவர்கள் ஒழுங்காகவே வருகிறார்கள். குழந்தைகளை அக்கறையோடுதான் பார்க்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அவர்கள் வண்டி கிளம்பிய பிறகுதான்.

எங்கள் வீதியில் தறிப்பட்டறைக்குள்ளேயே தூளி கட்டி வளர்க்கப்பட்ட ஒரு பையன் இருக்கிறான். தந்தை தறி ஓட்டுகிறார், தாய் தறிக்கு நூல் சுற்றித் தார் போடுகிறார். இரண்டு வயது கடந்தும் அவனுக்குப் பேச்சு வரவில்லை; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அத்தனை தறிகள் ஓடும் இடத்தில் யார் கூப்பிட்டுத்தான் யாருக்குக் கேட்கும் என்று வீட்டில் அதைப் பொருட்படுத்தவில்லை. "எம்மவனும் மூணு வயசுக்கு மேலதானுங்க வாய் தொறந்தான்" என்று அப்பத்தாவும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில், தறிகளெல்லாம் ஓய்ந்து கிடந்தபோது, கணக்கெடுக்க வந்த அங்கன்வாடிப் பணியாளர் அவனுக்குப் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். அறையில் இருந்த அனைவரும் திரும்பினோம், அவன் திரும்பவில்லை. அவர்தான் மருத்துவக் குழு வரும் நாளைச் சொல்லி, தாயை வரவழைத்து, முன்வரிசையில் உட்காரவும் வைத்தார். பிறகு, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று அளக்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதிலும் கடுமையான கேள்திறன் குறைவு என்று தெரிந்தது.

இதுவரை நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காதில் கேட்புக் கருவியை மாட்டிவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தாயும் அப்படித்தான் நினைத்திருந்தார். காதுக்கு வந்து சேரும் ஒலி இன்னதென்று பிரித்தறியக் குழந்தைக்குப் பயிற்சி வேண்டும். அது வாரந்தோறும், மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கவேண்டியது. பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பதைத் தாய் வீட்டில் தினமும் செய்ய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் உட்செவியில் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த வழியிருக்கிறது. அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே பயிற்சிதான் கைகொடுக்க வேண்டும்.

அந்தப் பயிற்சி கிடைக்கும் இடையீட்டு மையம், அதாவது குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் அரசு மையம், மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, நடந்தே போய்விடலாம். ஆனால் எங்கள் மாவட்டம் நாமக்கல். திருச்செங்கோடு வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போகவேண்டும். பையனுக்கான சீட்டும் அங்கே போகச் சொல்லித்தான் எழுதப்பட்டது. தறிக்கூலி நெய்த மீட்டருக்குத்தான். ஓட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய குடும்பமாக இருந்தால், வாரம் ஒரு நாள் விடுப்பு என்று வாயெடுக்கவே தயங்குவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி ஏறி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, முக்கால் மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். இப்படி எத்தனை வாரம் ஒரு தாய் போவார்? நின்றுவிடுகிறார்கள். நின்றவர்களை ஏன் நின்றீர்கள் என்று கேட்க ஆளில்லை. வால்பாறையிலும் தாளவாடியிலும் இருக்கும் பெற்றோரின் நிலை இதைவிடக் கடினம்; எங்களுக்காவது மலைப்பாதை இல்லை.

மாற்று வழி என்று பார்த்தால் தனியார் தெரபி மையங்கள்தான். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்திடம் ஓர் அமர்வுக்கு 500 ரூபாய் வீதம் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். குழந்தைக்கு என்ன பிரச்சினை என்பது அதுவரை எழுத்தில் கொடுக்கப்படவே இல்லை. கடன் வாங்கிக் கட்டினார்கள்.

நான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருப்பதை அறிவேன். அதே ஊரில் அங்கன்வாடி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இம்மூன்றும் மூன்று துறைகள் என்பதால், ஒருவர் கண்டறிந்த குழந்தை இன்னொருவர் பதிவேட்டில் ஏறுவதில்லை. நான் பார்த்த தாய் சேய் அட்டைகளில் எடையும் தடுப்பூசித் தேதியும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது, எப்போது பேசியது என்று குறிக்கவேண்டிய பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. அங்கன்வாடிப் பணியாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. செல்போனில் ஏற்றவேண்டிய கணக்குகளே அவருக்குத் தலைக்கு மேல் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி அட்டை வந்தால்தான் பயிற்சி கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அட்டைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். அதே அரசு, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வாரம் ஒரு நாள் வட்ட மருத்துவமனைக்கு அனுப்ப முடியாதா? அந்த நாள் இன்ன கிழமை என்பது அங்கன்வாடிச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் வராத குழந்தையின் வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் வழியாகத் தகவல் போக வேண்டும். எல்லையோர ஊர்க் குழந்தைகளைப் பக்கத்து மாவட்ட மையம் மறுக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

இக்கோரிக்கைகளை மனுவாக எழுதி, திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாமக்கல் ஆட்சியரிடமும் ஈரோடு ஆட்சியரிடமும் தனித்தனியே கொடுக்க எங்கள் பகுதிப் பெற்றோர் முடிவு செய்திருக்கிறார்கள். குமாரபாளையம், வெப்படை பகுதிகளில் இதே நிலையில் உள்ளவர்களும் தத்தம் அங்கன்வாடியில் பெயர் கொடுத்தால் மனுவில் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்.