எயோல் பூங்கா ஞாயிறு மாலைகள்: ஒரு நன்றி மடல்

லா சப்பல், கூத் தோர், ஷாதோ ரூஜ் பகுதிகளில் வாழும் அன்பார்ந்த அயலவர்களுக்கு,

2025 ஜூலை மாதம் பாரிஸ் 18ஆம் வட்டாரத்து எயோல் பூங்காவில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்திய மேற்கு ஆப்பிரிக்க இசைக் கச்சேரிகள் குறைவில்லாமல் நிறைவேறின. டிக்கெட் இல்லை, வேலி இல்லை, முன்வரிசை நாற்காலியும் இல்லை. பாயை விரித்தவர் விரித்த இடத்தில் உட்கார்ந்தார். இவ்வளவும் தானாக நடந்துவிடவில்லை என்பதைச் சொல்லி, தோள் கொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி கூறவே இந்த மடல்.

கலைஞர்களும் இலவசமாகத்தான் வந்தார்களா என்று பலர் கேட்டார்கள். அப்படி அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மாலியிலும் கினியிலும் ஜெலி என்னும் இசை மரபினருக்குப் பாட்டும் வரலாறும் பரம்பரைத் தொழில். குயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ என்று குடும்பப் பெயரைச் சொன்னாலே போதும், யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். அவர்களை வரவழைத்துக் கைதட்டி மட்டும் அனுப்புவது முறையாகாது. மேடையேறிய ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டோடு ஊதியம் கொடுத்தோம். அதற்காக, கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் நிரப்ப வேண்டிய குசோ படிவங்களை இரவு வெகுநேரம் விழித்திருந்து நிரப்பித் தந்த கணக்காளர் அக்காவுக்கு முதல் நன்றி. ஆண்டுக்கு 6 நிகழ்ச்சிகளைத் தாண்டினால் தனி உரிமம் வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்ததால்தான் ஆசையை ஜூலையோடு அடக்கிக்கொண்டோம். இசைப் படைப்பாளிகளின் உரிமைச் சங்கமான சாசெமுக்குக் கட்ட வேண்டிய இசை உரிமைத் தொகையையும் அவரே விசாரித்துச் சொன்னார்.

பணம் தந்தவர்கள் கடைக்காரர்கள். எங்கள் பக்கத்துப் புடவைக் கடைகள், மளிகைக் கடைகள், நகைக் கடைகள். ஷாதோ ரூஜ் பக்கத்துத் துணிக் கடைகள், தெழான் சந்தையில் மீனும் சேனையும் விற்பவர்கள். தொகையை வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். இதற்குமேல் எழுதினால் வாக்கு மீறியவர்கள் ஆவோம்.

கோரா வாசித்தவருக்கு வெயில்தான் எதிரி. சுரைக்குடுவையின் பாதியில் மாட்டுத்தோல் போர்த்தி 21 நரம்புகள் கட்டிய வாத்தியம் அது. நரம்புகள் இப்போது மீன்பிடிக்கும் நைலான் இழைதான். சூடு ஏறினால் சுருதி நிற்காது. முதல் பாட்டுக்கு முன்பே மூன்று முறை நரம்புகளை முறுக்கித் திருத்த வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாண அலங்காரக் கடை அண்ணா ஓடிப்போய், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் குஞ்சம் வைத்த பட்டுக்குடையைக் கொண்டுவந்து பிடித்தார். கலைஞர் சிரித்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது, சுருதியும் நின்றது. அதன்பின் குடை இல்லாமல் உட்கார மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜூலை 20 மாலையைத் துமானி ஜபாத்தேயின் நினைவுக்கு ஒதுக்கினோம். அவர் 2024 ஜூலை 19 அன்று பாமாகோவில் காலமானவர். கோராவை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். அன்று பேச்சு எதுவும் வேண்டாம் என்று கலைஞர்கள் கேட்டுக்கொண்டதை மதித்து, தயாரித்த உரையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்ட எங்கள் தலைவருக்கும் நன்றி. அவருக்கு அது எளிதான காரியம் அல்ல.

மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பலபோனின் மாலையில், வாத்தியம் உடைந்துவிட்டதா என்று ஒரு சிறுமி கேட்டாள். மரக்கட்டைகளின் கீழே தொங்கும் சுரைக்குடுக்கைகளில் சிறு துளையிட்டு மெல்லிய சவ்வை ஒட்டியிருப்பார்கள். முன்பு சிலந்தி முட்டைக் கூட்டின் சவ்வு, இப்போது தாளோ பிளாஸ்டிக்கோ. அதிலிருந்து வரும் ரீங்காரத்தைத்தான் அவள் பழுது என்று நினைத்துவிட்டாள். வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் குடுக்கையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துக் காட்டினார். அந்தப் பொறுமைக்கு நன்றி.

செனகல் நாட்டு சபார் மேளக் குழுவினருக்கும் எங்கள் தவில் வித்துவான் ஐயாவுக்கும் தனியாகக் கடன்பட்டிருக்கிறோம். சபாரை ஒரு கையில் குச்சியும் மறுகையில் வெறும் உள்ளங்கையுமாக வாசிப்பார்கள். தவிலிலும் இடது கையில் கழி, வலது கையில் விரல்கூடு. கூட்டத்தில் இருந்த ஐயாவைக் குழுத் தலைவர் சைகை காட்டி மேலே அழைத்தார். ஐயா தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைக் கேட்டு வளர்ந்தவர், லேசில் பாராட்டமாட்டார். அன்று சபார் குழுவினர் தாளத்தை முடித்துக் கொடுத்த தீர்மானத்தைக் கேட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

ஒரு ஞாயிறு, வாடகைக்குப் பேசியிருந்த ஒலிபெருக்கிகள் வரவேயில்லை. யார் என்பது இங்கே வேண்டாம். கல்யாண மண்டபத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து தன் பெட்டிகளை இறக்கினார். கூலி வாங்கவில்லை, ஒரு தட்டு மாஃபே என்னும் நிலக்கடலைக் குழம்புச் சோறு மட்டும் சாப்பிட்டார். அதைச் சமைத்த மாலி நாட்டு அம்மாக்களுக்கும், புளிச்சைப் பூவில் செய்யும் பிஸ்ஸாப் பானம் ஊற்றிக் கொடுத்த இளைஞர்களுக்கும், வடை சுட்ட எங்கள் அக்காமாருக்கும் நன்றி. நிலக்கடலைக் குழம்பில் வடையைத் தோய்த்துச் சாப்பிட்டவர்கள் பெருமைப்படலாம்.

சத்தம் அதிகம் என்று எழுதிப் போட்ட மாடிவீட்டு ஐயாவுக்கும் நன்றி. சட்டம் 102 டெசிபெல் வரை அனுமதித்தாலும் அதற்கு வெகு கீழேதான் இருந்தோம்; ஆனாலும் பெட்டிகள் அவருடைய ஜன்னலைப் பார்த்து நின்றது உண்மை. கார் து லெஸ்ட் நிலையத்துக்குச் செல்லும் ரயில் பாதைப் பக்கம் திருப்பி வைத்தோம். ரயில்கள் புகார் செய்யவில்லை.

குப்பை பொறுக்கிய பிள்ளைகள், அனுமதித் தாள்களை விரைந்து நகர்த்திய நகரசபை ஊழியர்கள், கதவு பூட்டும் நேரத்தில் கண்டும் காணாமல் பத்து நிமிடம் விட்டுத்தந்த பூங்காக் காவலர்கள், அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

வரவுசெலவுக் கணக்கை நன்கொடை தந்த கடைகளில் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு பாய், ஒரு சாப்பாட்டுக் கேரியர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் செப்டம்பருக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கச்சேரிகளை ஒழுங்குசெய்த அயலவர் குழுவினர்,
பாரிஸ் 18