மார்த்தாண்டத்து அண்ணனுக்கு நன்றி

குழந்தைகளுக்கான என் தேனீ ஓவியப் பெட்டி இந்த வாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்கு உதவியவர் பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீ வளர்க்கும் ஒரு அண்ணன் என்று மட்டும் சொல்கிறேன்.

தேன் எடுக்கும் பருவத்தில் அவருக்கு ஓய்வே கிடையாது. அப்படியும் எனக்காகக் கூட்டைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, நிதானமாகக் காட்டினார். தேனீக்கு நான்கு இறக்கைகள். பறக்கும்போது முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சின்னக் கொக்கிகளால் கோத்துக்கொள்வதால் இரண்டாகத் தெரிகிறது. கண்கள் ஐந்து: பக்கத்துக்கு ஒன்றாகப் பெரியவை இரண்டு, உச்சந்தலையில் பொட்டு வைத்த மாதிரி மூன்று. எல்லாம் இப்போது என் வரைதாள்களில் இருக்கிறது. அப்புறம், பூ இருக்கும் திசையைச் சொல்லத் தேனீ எட்டுப் போட்டு ஆடும் ஆட்டம்! பிள்ளைகள் அதை விரலால் வண்ணம் தொட்டு வரைகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான்.

தேன்மெழுகும் அவர் கொடுத்ததே. வெள்ளைத் தாளில் மெழுகால் அறுகோணம் வரைந்து மேலே நீர்வண்ணம் பூசினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். காசு வாங்கவே மறுத்துவிட்டார்.

அண்ணே, முதல் பெட்டி உங்கள் மகளுக்கு. கூரியரில் அனுப்பியிருக்கிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.