புத்தகம் கைமாற்றும் மகளுக்கு

முள்ளியவளை

அன்பு மகள்,

அங்கே வெளிநாட்டில் நீயும் சிநேகிதிகளுமாக எட்டுப் பேர் மாதம் ஒருக்கா கூடி, வாசித்த புத்தகங்களைப் பற்றிக் கதைத்துக் கைமாற்றப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல புத்தகங்களின் பட்டியல் ஒன்றும் கேட்டிருந்தாய். பட்டியல் தரமாட்டேன். இருபது தலைப்பை வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒருவரும் ஒன்றையும் எடுக்கமாட்டினம். வாசிகசாலைச் சுவர்களில் ஒட்டுகிற பட்டியல்களுக்கு எல்லா ஊரிலும் அதுதான் கதி. ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம், அதுவும் ஏன் அவருக்கு என்ற காரணத்தோடு கொடுத்தால்தான் வாசிப்பினம்.

ஆகவே புத்தகத்தைத் தெரிய முதல் ஆளைத் தெரிந்துகொள். "உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதே. அதற்கு எல்லாரும் பேர்பெற்ற நாவல் ஒன்றைச் சொல்லுவினம், பாதிப்பேர் அதை முடித்திருக்கவும் மாட்டினம். கடைசியாக எந்தப் புத்தகத்தை முழுக்க வாசித்து முடித்தாய், எந்த நேரத்தில் வாசிக்கிறாய், இப்போதைக்கு எதை வாசிக்க விருப்பமில்லை, இந்த மூன்றையும் கேள். ரெயினில் இருபது நிமிடம் வாசிக்கிறவளுக்குச் சிறுகதைத் தொகுப்பு சரிவரும், ஒரே அத்தியாயம் நாற்பது பக்கம் ஓடுகிற நாவல் சரிவராது. மூன்றாவது கேள்வி எங்கள் சனத்துக்கு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கூட்டத்துக்கு எட்டுப் பேர் நல்ல அளவு. பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போவினம், அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டினம். ஒன்றரை மணித்தியாலம் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம், மிச்ச நேரம் கேள்விக்கு. சாப்பாட்டைக் கடைசியில் வை. முதலில் வைத்தால் கதை கறியோடேயே நின்றுவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் அநேகம் பேர் பிழைவிடுகினம். "கட்டாயம் வாசிக்கவேணும்" என்று சொன்னவுடனேயே கேட்கிறவருக்கு அது பள்ளிக்கூடப் பாடமாகிவிடும். இன்னும் சிலர் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டு, "முடிவை மட்டும் சொல்லமாட்டேன்" என்பினம். அதற்குப் பிறகு வாசிக்க என்ன கிடக்கு? முதல் மூன்றில் ஒரு பங்குக்கு அப்பால் நடக்கிற ஒன்றையும் சொல்லக்கூடாது என்று முதலே பேசி வையுங்கள்.

ஆளாளுக்கு ஒரு சின்ன மட்டை எழுதிக்கொண்டு வரட்டும். தபால் அட்டை அளவு போதும், பெரிதாக இருந்தால் கட்டுரை எழுதத் தொடங்குவினம். தலைப்பு, எழுதியவர், வந்த ஆண்டு. எந்த இடம், எந்த ஆட்கள் என்று இரண்டே வசனம். எந்த இடத்தில் கதை மெதுவாகும், எதுவரைக்கும் பொறுக்கவேணும். யாருக்குப் பொருந்தும். யாருக்குப் பொருந்தாது. இந்தக் கடைசி வரியை எல்லாரும் விட்டுவிடப் பார்ப்பினம், பிடித்த புத்தகத்தைக் குறை சொல்லுகிற மாதிரி இருக்கும் என்ற கூச்சம். அந்த வரிதான் உன் மற்ற வரிகளை நம்ப வைக்கும்.

மாதிரிக்கு ஒன்று எழுதிவிடுகிறேன், அப்படியே வைத்துக்கொள்.

"நிலக்கிளி. அ. பாலமனோகரன். 1973. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளரும் பதஞ்சலியும் அவளைக் கைப்பிடிக்கும் கதிராமனும் நடத்துகிற சீவியம். காடும் வேட்டையும் கமமும் ஆறுதலாகத்தான் நகரும், அதில் அவசரப்படக்கூடாது. ஊரைச் சின்ன வயதில் விட்டு வந்தவர்களுக்கும் முதல்முதல் ஈழத்து நாவல் வாசிக்கிறவர்களுக்கும் பொருந்தும். பக்கத்துக்குப் பக்கம் திருப்பம் தேடுகிறவர்களுக்குப் பொருந்தாது."

மட்டையைச் சொல்லி முடித்தபின் ஒரு பக்கம் உரத்து வாசிக்கவேணும். சாதாரண அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும். முதல் பக்கத்தை எடுக்காதே, அநேக நாவல்களில் அது இடத்தை விபரிப்பதோடு போய்விடும். இருபதாம் பக்கத்துக்கும் ஐம்பதாம் பக்கத்துக்கும் இடையில், இரண்டு பேர் கதைக்கிற இடமாகப் பார்த்து எடு. முதல்நாள் இரவு வீட்டில் ஒருக்கா வாசித்துப் பழகிக்கொண்டு போ. எங்கள் பேச்சுவழக்கு எழுத்தில் கண்ணுக்குத் தடக்கும், காதுக்குத் தடக்காது. உங்கள் கூட்டத்தில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் அங்கேயே பிறந்த இரண்டு பேருக்கும் இது பெரிய உதவி. துருசு, வான், அலைகரை மாதிரிக் குளத்துச் சொற்கள் ஒரு இருபதைக் கருத்தோடு மட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவை, புத்தகத்தில் எழுதாதே.

இனி, யாருக்கு எது என்று நீ சொன்ன ஆட்களை வைத்து என் அபிப்பிராயம்.

ரெயினில் போகிறவளுக்கு அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள். அவருடைய முதல் தொகுப்பு "அக்கா" 1964 இல் வந்தது. பிறகு வந்த கதைகள் ஆபிரிக்கா, ஆப்கானிஸ்தான், கனடா என்று உலகம் சுற்றும். ஒரு பயணத்துக்கு ஒரு கதை கணக்காக இருக்கும். ஆனால் ஒரே மூச்சில் பத்துக் கதை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடு, பகிடி பழகிப்போனால் அதன் கூர் தெரியாது.

கடற்கரையில் பிறந்தவளுக்குச் செங்கை ஆழியானின் "வாடைக்காற்று". நெடுந்தீவுக் கரையில் வாடி, அதுதான் மீன்பிடிக் கொட்டில், போட வருகிற மீனவர்களின் கதை. 1978 இல் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் புத்தகம் தேவையில்லை என்று நினைப்பினம். அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கவேணும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத மருமகப்பிள்ளை ஒருவரும் வந்து இருப்பதாகச் சொன்னாய். ஷோபாசக்தியின் "கொரில்லா" 2001 இல் வந்தது, ஆங்கிலத்திலும் கிடைக்கும். தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பேர் ஒரே மாதத்தில் வாசித்துவிட்டு வந்தால் கதைக்க நிறைய இருக்கும்.

வரலாறு கேட்கிற பிள்ளைக்கு ஜே. பி. லூயிஸ் 1895 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல். அது அட்டையிலிருந்து அட்டைவரை வாசிக்கிற புத்தகம் இல்லை. வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுக்கச் சொல்லு. ஆளவந்த அதிகாரியின் கண்ணால் எழுதியது என்பதையும் சேர்த்துச் சொல்லு. சனத்தைப் பற்றி அவர் தருகிற தீர்ப்புகளை அப்படியே விழுங்கக்கூடாது.

சயந்தனின் "ஆதிரை" 2015 இல் வந்தது, 600 பக்கத்தைத் தாண்டும். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களை இவ்வளவு கிட்ட நின்று காட்டுகிற நாவல்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆனாலும் முதல் மாதம் கொடுத்துவிடாதே. பெரிய புத்தகத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர் வெட்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். கூட்டம் மூன்று நாலு மாதம் ஓடினபின், இரண்டு மாத அவகாசத்தோடு, ஆட்கள் கூடுதலாக வருகிற நேரம் பார்த்துக் கொடு.

இப்ப அந்த மூன்றாவது கேள்வி. தமிழ்க்கவியின் "ஊழிக்காலம்" 2013 இல் வந்தது, 2009 இல் முடிந்த கடைசி யுத்தத்துக்குள் வன்னிச் சனம் பட்ட பாடு. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் "ஒரு கூர்வாளின் நிழலில்" அவர் இறந்தபின் 2016 இல் வந்த தன்வரலாறு. இரண்டும் வாசிக்கவேண்டியவைதான், ஆனால் மேசையில் வைத்து "யாருக்கு வேணும்?" என்று கேட்கிற புத்தகங்கள் இல்லை. உங்கள் எட்டுப் பேரில் 2009 இல் ஆட்களைப் பறிகொடுத்தவர் யார் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. முன்கூட்டித் தனியாக ஒரு வார்த்தை சொல்லு: இதில் செல்லடி வரும், பிள்ளைகள் சாகிற இடம் வரும், வேண்டாமென்றால் விடு. யுத்தம் முடிந்த மே மாதத்தில் கொடுக்காதே, தானாகக் கேட்டால் ஒழிய. தமிழினியின் புத்தகத்தில் அரசியல் வாக்குவாதம் கட்டாயம் வரும். அதை வைக்கிற நாளில் வேறு புத்தகம் வைக்காதே. "ஆளைப் பற்றி வேண்டாம், எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு என்று காட்டிக் கதையுங்கோ" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு. பக்கத்தைத் திறந்துவைத்தால் குரல் தானாக இறங்கும்.

பழைய ஈழத்துப் புத்தகங்கள் கடையில் தேடிக் கிடைக்காது. 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பல ஆயிரம் ஈழத்து வெளியீடுகள் மின்வருடிப் போட்டிருக்கு, காசு இல்லை. கைபேசியில் வாசிக்கும்போது எழுத்துச் சின்னதாகத் தெரிந்தால் போனைக் குறுக்காகப் பிடித்து அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசி. மாதா மாதம் ஆளாளுக்கு வேறு புத்தகம் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருக்கா எட்டுப் பேரும் ஒரே புத்தகம் வாசிக்க இது வசதி. பதிப்பில் இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். திருட்டுப் பிரதியைச் சுற்றவிட்டால் அவர்களுக்கு அடுத்த புத்தகம் போட வழியிராது.

வீட்டில் யாராவது 2009க்கு முந்திய வன்னி வெளியீடு ஒன்றை வைத்திருந்தால் அதைச் சுற்றவிட வேண்டாம். இடம்பெயர்வில் இங்கே வீட்டு அலுமாரிப் புத்தகங்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன, வெளிநாட்டுக்கு முன்பே போன பிரதிதான் மிச்சமாக இருக்கக்கூடும். முதலில் படம் எடுக்கவேணும். போட்டோக்கொப்பி மெசினில் கவிழ்த்து அமத்தினால் பழைய தாள் மடிப்பில் முறியும். யன்னல் வெளிச்சத்தில் பாதி திறந்து வைத்து, மேலிருந்து போனை நேராகப் பிடித்து, முதலில் வலப்பக்கம் முழுக்க, பிறகு இடப்பக்கம் முழுக்க எடு. மாறிமாறி எடுத்தால் ஒவ்வொரு தரமும் புத்தகத்தைத் திருப்பவேணும், பக்கம் தவறும்.

இரவல் கொடுக்கிறதுக்கு ஒரு கொப்பி போடு. திகதி, புத்தகம், எடுத்தவர், திருப்பவேண்டிய நாள், எடுக்கும்போது புத்தகத்தின் மட்டை எப்படி இருந்தது. சாதாரண புத்தகத்துக்கு மூன்று கிழமை, 400 பக்கத்துக்கு மேல் என்றால் ஆறு கிழமை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். புத்தகம் தொலைகிறது களவில் இல்லை. எடுத்தவர் தங்கச்சிக்குக் கொடுப்பார், தங்கச்சி வேலையிடத்தில் கொடுப்பாள், மூன்றாவது கையில் அது ஆருடையது என்று தெரியாது. கைமாற்றுவதானால் கொப்பியில் எழுதிவிட்டு மாற்றச் சொல்லு. மற்றது, தவணை தப்பினபின் எடுத்தவர் வெட்கத்தில் உன்னைக் கண்டாலே விலகுவார். அவரிடம் "புத்தகம் எங்கே?" என்று கேட்காதே, "எவ்வளவில் நிற்கிறாய்?" என்று கேள். வாசிக்காவிட்டாலும் திருப்பித் தர அது ஒரு வழி. எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட பிரதியை இரவல் கொடுக்கவே கொடுக்காதே.

உறை போடும்போது மாட்டுத்தாளை உள்பக்கமாக மடித்துச் சொருகு. ஒட்டுநாடாவை மட்டையில் நேரே ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி ஊறும், இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். இங்கே மாரியும் கறையானும் என்றால், உங்களுக்கு நிலவறை ஈரமும் வீட்டைச் சூடாக்குகிற கணகணப்பும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வறண்ட சூட்டில் முதுகுப் பசை வெடிக்கும். ஆகவே புத்தக ராக்கையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை, கணகணப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியும் வைக்காதே. புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து திறந்தால் பசை விடும். முதுகை மேசையில் நிறுத்தி, முன்மட்டையையும் பின்மட்டையையும் படியவிட்டு, பிறகு முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறிமாறி மெதுவாக அமத்திக்கொண்டு நடுவுக்கு வா. இரண்டு நிமிட வேலை.

முதல் கூட்டம் முடிந்ததும் எட்டு மட்டைகளையும் படம் பிடித்து அனுப்பு. அதில் "யாருக்குப் பொருந்தாது" என்ற வரி எத்தனையில் இருக்கு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா