முப்பது வயதும் மூன்று இருபத்தொன்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேச்சல், மோனிகா, ஃபீபி, ராஸ், சாண்ட்லர், ஜோயி என்ற ஆறு நண்பர்களின் கதையான 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழாவது சீசனில் எல்லோருக்கும் 30 வயது ஆகிற எபிசோடை எடுத்துக்கொண்டு கட்டுரையாளர் இரண்டு குற்றம் சொல்கிறார். ஒன்று, தன் பிறந்தநாளன்றே காதலன் டாக்கைக் கழற்றிவிட்ட ரேச்சல் சுயநலக்காரி. இரண்டு, தொடரை எழுதியவர்களுக்குக் கூட்டல் கழித்தல் வராது. முதலாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாவதில் பாதிதான் சரி, ஆனால் தப்பான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி அலுவலகத்தில் 31 வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பிறந்த தேதி திருத்தம், இதிலேயே காலம் போய்விட்டது. யாராவது வயதைச் சொன்னால் மனசுக்குள் கழித்துப் பார்த்துப் பிறந்த வருஷத்தைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. "அப்பா, இது காமெடி, சும்மா பாருங்க" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டும் அந்த வியாதி போகவில்லை. 236 எபிசோடையும் அவளோடு உட்கார்ந்துதான் பார்த்தேன்.

முதலில் ரேச்சல். 2001 பிப்ரவரியில் ஒளிபரப்பான அந்த எபிசோடில் அவள் போடும் கணக்கைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எபிசோடே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அவளுக்கு மூன்று குழந்தைகள் வேண்டும். முதல் குழந்தை 35 வயதுக்குள். அப்படியானால் 34 வரை கர்ப்பமாக வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு வருஷம் புருஷனோடு தனியாக வாழ வேண்டும், ஆக 33இல் கல்யாணம். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று முகம் மலர்கிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது: கல்யாண ஏற்பாட்டுக்கு ஒன்றரை வருஷம், நிச்சயத்துக்கு முன்னால் ஆளைப் பழகித் தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷம். கழித்துப் பார்த்தால் மாப்பிள்ளையை 30 வயதிலேயே பார்த்திருக்க வேண்டும். உனக்கு இப்போதுதானே 28 ஆகிறது என்று ராஸ் சமாளிக்கப் பார்க்கிறான். சிரிப்பு வருகிறது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் டாக்கிடம் பேசுகிறாள். அவன் நல்ல பையன், அவளைவிடச் சின்னவன், அவளிடமே உதவியாளராக வேலை பார்த்தவன். அவனைப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. வெறும் ஜாலியாக இருந்துவிட்டுப் போகிற வயதைத் தாண்டிவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இவள் யார்? 1994 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடில், கல்யாணத்தன்று மாப்பிள்ளை பாரியை அம்போவென்று விட்டுவிட்டு, கல்யாண உடையோடு காப்பிக்கடைக்குள் ஓடி வந்தவள். அன்றைக்கு ஓடி வந்தவள் இன்றைக்கு உட்கார்ந்து பேசி முடிக்கிறாள். இதற்குப் பெயர் சுயநலமா? இன்னும் ஆறு மாதம் அந்தப் பையனை இழுத்தடித்து, பிறகு கைவிட்டிருந்தால் நானும் கட்டுரையாளர் பக்கம் வந்திருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே சீசனின் கடைசி எபிசோடில், மோனிகா-சாண்ட்லர் கல்யாண நாளில், கர்ப்பப் பரிசோதனைக் குச்சி ஒன்று ஃபீபி கண்ணில் படுகிறது. ரேச்சலுடையது. பிப்ரவரியில் 35 வரைக்கும் திட்டம் போட்டவளுக்கு மே மாதத்தில் இந்தச் செய்தி. அடுத்த மே மாதம் அவளுக்கும் ராஸுக்கும் மகள் எம்மா பிறந்துவிட்டாள். மாப்பிள்ளையும் இல்லை, ஒன்றரை வருஷ ஏற்பாடும் இல்லை. கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள் எழுதுகிற வேலையா இது?

சரி, வயதுக் கணக்குக்கு வருகிறேன். ராஸ் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீசன்களில் தொடர்ந்து 29 வயதுக்காரனாகவே இருக்கிறான் என்று கட்டுரையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் ஐந்தாவது சீசனில் 30 ஆகியிருக்க வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. 1987இல், அமெரிக்கர்கள் நவம்பரில் கொண்டாடும் நன்றி தெரிவிக்கும் நாளில், ராஸ் தன் கல்லூரி அறைத்தோழன் சாண்ட்லரை வீட்டுக்கு அழைத்து வருவதாக ஐந்தாவது சீசனிலேயே காட்டுகிறார்கள். அது முதல் வருஷம், வயது 18 என்று வைத்துக்கொண்டால் பிறந்தது 1969. 1998-99இல் வந்த ஐந்தாவது சீசனில் 29 என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. தப்பு மூன்றாவது சீசனில் நடந்திருக்கிறது. அவன் வயதை நிறுத்தி வைக்கவில்லை, அவசரப்பட்டு முன்கூட்டியே 29 ஆகிவிட்டான்! பதிவேட்டில் இதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியும், ஆனால் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட பிழையும் ஒன்று உண்டு. நான்காவது சீசனில் காப்பிக்கடையில் வேலை பார்க்கும் கந்தர் கேட்கும்போது ரேச்சல் தன் பிறந்தநாள் மே 5 என்கிறாள். அவளுடைய 30ஆவது பிறந்தநாள் ஒளிபரப்பானது பிப்ரவரியில். அதைவிடப் பெரியது சாண்ட்லர் விஷயம். முதல் எபிசோடில் ரேச்சலுக்கு அவனைப் புது ஆள் மாதிரி மோனிகா அறிமுகம் செய்கிறாள். பின்னால் வரும், பழைய நாட்களைக் காட்டும் ஃப்ளாஷ்பேக் எபிசோடுகளைப் பார்த்தால் அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1987லேயே, இரண்டு பேரும் சந்தித்தாகிவிட்டது. பத்தாவது சீசனில் ஒரு கல்லூரி பார்ட்டியில் முத்தமே கொடுத்துக்கொண்டார்கள் என்று காட்டிவிட்டார்கள். முத்தம் கொடுத்தவனை எப்படி மறந்தாள் என்று கேட்டேன். "அவனை மறக்கிறது சுலபம்ப்பா" என்றாள் மகள்.

இதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். வருஷத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடுகள், வாரம் ஒன்று, எழுதுகிற கைகளும் பல. படப்பிடிப்பில் எதிரே நேரில் உட்கார்ந்திருக்கிற ரசிகர்கள் சிரிக்காவிட்டால் அங்கேயே வசனத்தை மாற்றுவார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை இரவு ஒருமுறை பார்த்ததோடு சரி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஸ் சொன்ன வயதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? நாம் இன்றைக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர்களைக் கூண்டில் ஏற்றுகிறோம். தங்கள் கண்ணில் பட்ட பிழையைத் திருத்தவும் செய்தார்கள். மோனிகா வீட்டுக் கதவில் முதலில் 5 என்று இருந்தது. அவ்வளவு உயரமான மாடிக்கு அந்த எண் பொருந்தாது என்று 20 ஆக்கினார்கள்.

நம்பவே முடியாத மாதிரி இருந்தாலும் எனக்கு முழுக்க நம்பும்படியாக இருந்தது ஃபீபியின் கதை. 30 ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம் இரட்டைச் சகோதரி உர்சுலா, நமக்கு 31 என்கிறாள். ஒரு வருஷம் காணாமல் போய்விட்டது. கட்டுரையாளர் இதை வலிந்து சேர்த்த நகைச்சுவை என்கிறார். அவர் வயதில் இளையவராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுக் காட்டினால் போதும், வாத்தியார் ஜூனில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். அப்படிப் பள்ளியில் சேர்ந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வீட்டில் அவருக்கு ஒரு வயது, சர்க்காரில் ஒரு வயது. பணி ஓய்வு வாங்கும்போது அதில் அவருக்கு லாபம்தான்.

என்னால் மன்னிக்க முடியாதது ஒன்றே ஒன்று. அது கட்டுரையில் இல்லை. ராஸின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த பிள்ளை பென். 1995 மே மாதம் பிறக்கிறான். அவனுக்கு என்ன பெயர், யார் வீட்டில் எப்போது இருப்பான் என்று ராஸ் பட்ட பாடு கொஞ்சமா? எட்டாவது சீசன் பாதியோடு அந்தப் பையன் திரையில் வருவதே நின்றுபோகிறது. எம்மா பிறந்த பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வரவில்லை. வயது தப்பானால் அது எழுத்துப்பிழை. பெற்ற பிள்ளையை மறந்தால் ராஸே வேறு ஆளாகிவிடுகிறான். வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விடலாம், சின்ன விஷயத்துக்கெல்லாம் உருகுகிற ராஸ் இப்படிச் செய்வானா?

முப்பது வயது எபிசோடுக்கு இரண்டே மாதம் முன்பு, 2000 டிசம்பரில், பென்னுக்கு யூதர்களின் ஹனுக்கா பண்டிகையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேறு வேஷம் கிடைக்காமல் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் வேஷம் போட்டு வந்து நின்றவன் இதே ராஸ். முப்பது வயது எபிசோடில் வரும் ஃப்ளாஷ்பேக்கில், முப்பது ஆன கவலையில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அது இரண்டு கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வெளியே எடுக்க முடியாமல் திண்டாடுகிறான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் என் மகள் மட்டும் கேட்டாள், "இதுல பென் எங்கப்பா உட்காருவான்?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.