கலாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. டெக்ஸ்டைல் படித்தவளுக்குத் தோல் ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். அப்பாவும் அதையேதான் கேட்கிறார், கொஞ்சம் கோபமாக.

இங்கேயும் நூல்தான் நூற்கிறேன், கலா. பஞ்சுக்குப் பதில் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர். அதைக் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றி ஊசி முனைக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால், துளி இழுபட்டு இழையாகப் பறந்து எதிரே உள்ள அலுமினியத் தாளில் ஒரு விரிப்பாகப் படியும். தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிசு. காற்றில் ஈரப்பதம் மாறினால் இழை கெட்டுவிடும். மில்லில் அப்பா பட்ட அதே பாடு!

அந்த விரிப்பின் மேல்தான் தோல் செல்களை வளர்க்கிறோம். ரைன்வால்ட், கிரீன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1975இல் மனிதத் தோலின் மேற்புறச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டினார்கள். 1981இல் பர்க், யானஸ் குழு தீக்காயத்துக்கு ஒரு செயற்கைத் தோலை அறிமுகப்படுத்தியது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைக் கலந்து, மேலே சிலிக்கோன் படலம். சுறா என்றதும் உனக்குப் புட்டுதான் ஞாபகம் வரும், தெரியும்.

நல்ல விரிப்பாகப் போட்டால் புண் மூடிவிடும் என்றுதான் எங்களைப் போன்ற எஞ்சினியர்களுக்குத் தோன்றும். ஆய்வகத் தட்டில் அப்படித்தான் நடக்கிறது. நெருக்கமாக வளர்ந்த செல்களின் நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழிப்பேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து கோட்டைப் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஆனால் நான் வாடகைக்கு இருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உள்ள புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அடிபட்ட இடத்தைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜ் செல்கள், வேலை முடிந்ததும் சண்டையை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கத் திரும்ப வேண்டும். சர்க்கரை நோயாளியின் புண்ணில் பல சமயம் அது நடப்பதில்லை. சுரந்துகொண்டே இருக்கும் என்சைம்கள் புதிதாக உருவாகும் கொலாஜனையும் கரைத்துவிடும். எனவே விரிப்பு இடமும் கொடுக்க வேண்டும், ‘போதும், நிறுத்து’ என்று செல்லுக்குச் சொல்லவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்காகத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினால் சிரிப்பார். கட்டுப் போட பலதுறை மருந்தகம் போவார், அப்படியே தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நடந்தே வருவார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. அந்தக் காலில் பாரம் போடாமல் இருப்பதே பாதி வைத்தியம் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். என் நூலெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்த மாதம் தகுதித் தேர்வு. முடித்துவிட்டால் பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். என்ன வேண்டும் என்று எழுது. கோடாலித் தைலம் கணக்கில் சேராது, அது எல்லோருக்கும் உண்டு.

அன்புடன்,
மீனா