ஓவியர் இளையராஜா பற்றி நீ கேட்டதற்கு

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு நாற்றங்கால்தான் காரணம். மேட்டூர் தண்ணி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் போர் தண்ணியிலேயே குறுவைக்கு விதை விட்டாயிற்று.

ஓவியர் இளையராஜாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாட்டுக்காரர் இல்லை என்பதை முதலில் உன் பேத்தியிடம் சொல்லிவை. நம்ம பக்கம்தான், செம்பியவரம்பல். 1979இல் பிறந்தவர். இங்கே கவின்கலைக் கல்லூரியில் படித்து, மேல்படிப்புக்குச் சென்னை போனார். ஆனந்த விகடன் கதைகளுக்கு வரைந்தார். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. சாகிற வயசா அது!

‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்று எல்லாரும் சொல்வது எனக்குப் பாராட்டாகவே படவில்லை. அவர் படங்களில் வெளிச்சத்தைப் பார். ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ பக்கவாட்டில் வந்து, ஒரு கன்னத்தில் பட்டு, மூக்கைத் தாண்டி மங்கி, கழுத்துப் பள்ளத்தில் இருட்டாகிவிடும். எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. எண்ணெய் வண்ணம் காய நாளாகும். ஈரம் இருக்கும்வரை தூரிகையால் ஓரத்தைக் கரைத்துக்கொண்டே போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி நடனப் பெண்களை வரைந்த சோழர் காலத்து ஆளுக்கு அந்தச் சௌகரியம் ஏது? சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் கை ஓடியாக வேண்டும். அதனால் அங்கே எல்லாம் கோட்டின் வேலை. அதுவும் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் கிடந்து 1931இல்தான் வெளியே தெரிந்தது.

காலண்டர் மகாலட்சுமியின் ரோஸ் கன்னத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, மாநிறத்திலும் கறுப்பிலும் இத்தனை அழகாக நம்மூர்ப் பெண்களைக் காட்டினாரே, அது பெரிய காரியம். ஆனாலும் எனக்கு ஒரு குறை. நான் பார்த்த படங்களில் யாரும் நடவு முடித்துக் கரையேறினவர்கள் மாதிரி இல்லை. காலில் சேறில்லை, முகத்தில் அசதியில்லை. வீட்டில் இதைச் சொன்னேன். “சேத்துல நிக்கிறததான் தினம் பாக்கறோமே, படத்துலயாவது செத்த உக்காரட்டும்” என்றாள். நீ யார் கட்சி?

பேத்தி ஓவியம் படிக்கட்டும், குறுக்கே நிற்காதே. ஆடிப்பெருக்குக்கு அவளையும் அழைத்து வா, கல்லூரியையும் காட்டிவிடலாம். பஸ் ஏறியதும் போன் பண்ணு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்