களை நெல் அயலான் அல்ல

ஆசிரியருக்கு,

களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகங்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். அதில் களை நெல்லை, அதாவது வயலில் களையாக முளைக்கும் நெல்லை, எங்கிருந்தோ வந்த காட்டுச் செடி போலச் சொல்லியிருப்பது சரியல்ல. பல இடங்களில் அது பயிர் நெல்லின் வழித்தோன்றல்தான். பயிர் நெல்லில் மணி உதிராமல் கதிரிலேயே நிற்க முக்கியக் காரணம் எஸ்எச்4 என்ற மரபணுவின் டிஎன்ஏவில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். களை நெல்லிலும் பெரும்பாலும் அந்த மாறிய வடிவமே இருக்கிறது. ஆனாலும் மணி உதிர்கிறது! வேறு மரபணுக்கள் வழியாக, உதிரும் பழைய குணத்தை மீட்டுக்கொண்டுவிட்டது. அப்புறம் ஆர்சி என்ற மரபணு, அரிசிக்குச் சிவப்பு நிறம் தருவதோடு விதையுறக்கத்தையும், அதாவது விதை உடனே முளைக்காமல் காத்திருக்கும் குணத்தையும், கூட்டுகிறது. எங்கள் வயலில் உதிர்ந்த செம்மணிகள் இரண்டு ஆண்டுகள் கழித்தும் முளைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இவ்வளவு நெருங்கிய உறவு என்பதால், களைக்கொல்லியைத் தாங்கும் திறன் மகரந்தம் வழியே களை நெல்லுக்கும் போய்விடும். அமெரிக்காவில் அது நடந்தேவிட்டது. எனவே அனுமதி தருமுன் இப்படிக் கலப்பு எவ்வளவு நடக்கிறது என்பதை வயலிலேயே அளந்து வெளியிட வேண்டும். அந்த ரகத்தை அடுத்தடுத்த பருவங்களில் விதைக்கக் கூடாது என்பதை விதைப்பையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி